ஓட்டையைத் தேடும் மின்சாரம்



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். நம் பள்ளி மைதானத்தைப் போல நாலைந்து மடங்கு பெரிய பள்ளம். பள்ளம் முழுக்கக் கறுப்பு ஷீட் விரித்திருக்கிறார்கள். அதன்மேல் ஒருவர், தண்ணீர்க் குழாய் பொருத்திய நீளமான கட்டையைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார். இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி தொங்குகிறது.

"டீச்சர், அது நான்தான். தண்ணி பாய்ச்சுறேன்னு நினைச்சிடாதீங்க. ஓட்டை தேடுறேன். ஆறாம் வகுப்புல பேட்டரியும் பல்பும் வச்சுக் காட்டினீங்களே, அதே சோதனைதான்" என்று எழுதியிருந்தான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆர்வமும் வந்தது. இரண்டு மூன்று நாள் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்பது உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்தப் பழைய பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பேட்டரியிலிருந்து ஒரு கம்பி, பல்பிலிருந்து ஒரு கம்பி. இரண்டுக்கும் நடுவே இடைவெளி. அந்த இடைவெளியில் ஆணியை வைத்தால் பல்பு எரியும், பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்தால் எரியாது. ஆணி மின்கடத்தி, ஸ்கேல் மின்கடத்தாப்பொருள். இந்த ஒரு வரிதான் இன்றைய கதைக்கு அடிப்படை.

அந்தக் கறுப்பு ஷீட்டுக்கு ஜியோமெம்பிரேன் என்று பெயர். ஜே.பி. ஜிரூ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1977-ல் பாரிஸில் நடந்த ஒரு மாநாட்டில் இந்தச் சொல்லை அறிமுகப்படுத்தினார். குப்பைப் புதைகுழி, ரசாயனக் கழிவுநீர்க் குட்டை, சுரங்கக் கழிவுத் தேக்கம் போன்றவற்றின் அடியில், உள்ளே இருப்பது நிலத்தடி நீரில் கலந்துவிடாமல் தடுக்க இதை விரிக்கிறார்கள். பெரும்பாலும் அடர்த்தி மிகுந்த பாலித்தீனால் ஆனது. பருமன் 1.5 மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டர் என்ற அளவில் இருக்கும்.

பாலித்தீன் பிறந்த கதையும் சுவையானது. 1933 மார்ச்சில் இங்கிலாந்தின் வின்னிங்டனில் ஃபாசெட், கிப்சன் என்ற இரு வேதியியலாளர்கள் எத்திலீன் வாயுவை மிக உயர்ந்த அழுத்தத்தில் வைத்து வேறு ஏதோ சோதனை செய்தார்கள். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. பாத்திரத்தில் மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் ஒட்டியிருந்தது. அதுதான் பாலித்தீன். அதன் முதல் பெரிய பயன் பையோ குடமோ அல்ல. இரண்டாம் உலகப் போரில் ரேடார் கருவிகளின் கேபிள்களுக்கு உறையாகத்தான் அது பெரிதும் பயன்பட்டது. மின்சாரத்தை அவ்வளவு நன்றாகத் தடுக்கும் பொருள் அது. இன்று குப்பைக் குழியில் ஓட்டை கண்டுபிடிக்கக் கைகொடுப்பதும் அதே குணம்தான்.

சரி, குப்பைக் குழிக்கு எதற்கு இவ்வளவு பாதுகாப்பு? இதற்கு ஒரு பள்ளிக்கூடத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் நயாகரா அருவிக்கு அருகே லவ் கால்வாய் என்று ஓர் இடம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கால்வாய் வெட்டத் தொடங்கிப் பாதியில் விட்ட பள்ளம். ஹூக்கர் என்ற ரசாயன நிறுவனம் 1942 முதல் 1953 வரை 20,000 டன்னுக்கும் மேற்பட்ட ரசாயனக் கழிவுகளை அதில் கொட்டியது. பிறகு களிமண்ணால் மூடி, 1953-ல் அந்த நிலத்தை ஒரே ஒரு டாலருக்கு உள்ளூர்க் கல்வி வாரியத்துக்கு விற்றுவிட்டது. கழிவு புதைத்த இடம் என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தும் கல்வி வாரியம் அங்கே தொடக்கப் பள்ளியைக் கட்டியது. சுற்றிலும் வீடுகள் வந்தன. சாலையும் சாக்கடையும் போடத் தோண்டியபோது, மூடியிருந்த களிமண் பல இடங்களில் உடைபட்டது. மழைநீர் உள்ளே இறங்கியது. கழிவு மேலே ஊறி, வீடுகளின் அடித்தளங்களுக்குள் புகுந்தது.

1978-ல் லோயிஸ் கிப்ஸ் என்ற இல்லத்தரசி, அந்தப் பள்ளியில் படித்த தன் மகன் அடிக்கடி நோய்வாய்ப்படுவதைப் பார்த்து, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். அந்த ஆண்டு ஆகஸ்டில் அதிபர் கார்ட்டர் அவசரநிலை அறிவித்தார். பள்ளி மூடப்பட்டது. குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. நாற்பது குழந்தைகளை உட்காரவைத்துப் பாடம் நடத்திய எனக்கு, ஒரு வகுப்பறையின் அடியில் என்ன இருந்தது என்பதை நினைத்தாலே மனம் பதறுகிறது.

அங்கே ஷீட் எதுவும் கிடையாது, வெறும் களிமண்தான். ஆனால் இந்தக் கதையில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மூடியை உடைத்தவர்கள் கழிவைக் கொட்டியவர்கள் அல்லர். பின்னால் வந்து, வேறு நல்ல வேலைக்காகத் தோண்டியவர்கள். இது மறுபடியும் வரும்.

அமெரிக்காவில் 1976-லேயே கழிவு மேலாண்மைச் சட்டம் வந்திருந்தது. லவ் கால்வாய்க்குப் பிறகு, 1984-ல் அதைக் கடுமையாக்கினார்கள். ஆபத்தான கழிவைப் புதைக்கும் புதிய குழிகளில் ஒன்றுக்கு இரண்டாகத் தடுப்புகள் வேண்டும், கசிவைக் கண்டறிய வழி வேண்டும் என்றார்கள். மேல் தடுப்பில் ஓட்டை விழுந்தால், வடியும் நீர் நடுவில் உள்ள வடிகால் அடுக்குக்கு வந்து சேரும். அதை அளந்து பார்த்தால் கசிகிறது என்று தெரிந்துவிடும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஓட்டை எங்கே இருக்கிறது என்று அது சொல்லாது. பத்து ஏக்கர் கறுப்பு ஷீட்டில் ஒரு கடுகளவு ஓட்டையை எங்கே போய்த் தேடுவது?

அதுவரை இருந்த சோதனைகள் எப்படி என்று கேட்டால், நம் ஊர்ப் பஞ்சர் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ட்யூபைத் தண்ணீரில் அழுத்திக் குமிழி வருகிறதா என்று பார்ப்பாரே, கிட்டத்தட்ட அதேதான். ஷீட்டுகளை ஒன்றோடொன்று வெல்டிங் செய்து ஒட்டுகிறார்கள். அந்த ஒட்டின் மேல் சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணாடி மூடியுள்ள பெட்டியைக் கவிழ்த்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சுவார்கள். குமிழி வந்தால் ஓட்டை. இரட்டை ஒட்டாக இருந்தால், நடுவில் உள்ள இடுக்கில் காற்றை அடைத்து, அழுத்தம் குறைகிறதா என்று பார்ப்பார்கள்.

ஜிரூவும் போனபார்ட் என்ற பொறியாளரும் 1989-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் சில கணக்குகள் உண்டு. மேற்பார்வை இல்லாத வேலையில் சுமார் 10 மீட்டர் ஒட்டுக்கு ஒரு குறை இருக்கும். நல்ல மேற்பார்வை இருந்தால் அது 300 மீட்டருக்கு ஒன்றாகக் குறையும். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் பூஜ்யம் ஆகவில்லை. நன்றாகச் செய்த வேலையிலும் ஏக்கருக்கு ஓர் ஓட்டையாவது இருக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள் என்பதுதான் அவர்கள் சொன்னது.

ஒரு சிறிய ஓட்டையால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு சதுர சென்டிமீட்டர் ஓட்டை, அதாவது விரல் நகத்தளவு. அதன்மேல் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிற்கிறது. கீழே தடையில்லாத சரளை. பள்ளியில் படித்த சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால், நாளொன்றுக்குச் சுமார் 12,500 லிட்டர் இறங்கும். ஒரு தண்ணீர் லாரி! சரளைக்குப் பதிலாக, ஷீட்டோடு ஒட்டி நன்கு இறுக்கிய களிமண் இருந்தால் இது பல மடங்கு குறையும். அதனால்தான் ஷீட்டும் களிமண்ணும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்கிறார்கள்.

இப்போது மின்சாரத்துக்கு வருவோம்.

மண்ணுக்குள் இருப்பதை மின்சாரத்தால் தேடலாம் என்ற எண்ணம் நூறு ஆண்டுக்கும் மேல் பழையது. பாரிஸ் சுரங்கவியல் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த கான்ராட் ஷ்லும்பெர்ஜே, ஒரு செம்புக் குளியல் தொட்டியில் மணலை நிரப்பிச் சோதனை செய்தார். பிறகு 1912-ல் நார்மண்டியில் தன் குடும்பத் தோட்டத்தில் நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி, ஒரே மின்னழுத்தம் உள்ள புள்ளிகளை இணைத்து வரைபடம் போட்டார். ஒரே மாதிரியான மண்ணாக இருந்தால் கோடுகள் ஒழுங்காக அமையும். உள்ளே கனிமம் ஏதாவது இருந்தால் கோடுகள் அங்கே வளையும். தோண்டாமலேயே நிலத்தைப் படித்துவிட்டார் அந்த வாத்தியார்!

1980-களின் தொடக்கத்தில், டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் உள்ள சவுத்வெஸ்ட் ரிசர்ச் இன்ஸ்டிடியூட், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்காக ஷீட் ஓட்டை பிரச்சினையை ஆராய்ந்தது. டாரிலெக், பாரா, லெய்ன் ஆகியோரின் பெயர்கள் அந்த ஆய்வுகளில் வருகின்றன. எண்ணம் எளிமையானது. ஷீட் மின்சாரத்தைத் தடுக்கும். மேலே இருக்கும் தண்ணீர் கடத்தும். கீழே இருக்கும் ஈர மண்ணும் கடத்தும். மேலே ஒரு மின்முனை, கீழே மண்ணில் ஒரு மின்முனை வைத்துச் சில நூறு வோல்ட் வரை கொடுத்தால், ஷீட் முழுசாக இருக்கும்வரை மின்சாரம் போக வழியில்லை. ஓட்டை இருந்தால் அந்த ஓட்டை வழியாகத்தான் போயாக வேண்டும். தண்ணீர் கசியும் அதே வழியில் மின்சாரமும் கசியும்.

ஆறாம் வகுப்பு ஸ்கேலில் ஓர் ஓட்டை போட்டு, அதில் உப்புத் தண்ணீரை நிரப்பியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மின்முனைகள் பொருத்திய கோலோடு ஒருவர், ஏர் ஓட்டுவது போல வரிசை வரிசையாக நடப்பார். ஓட்டையை நெருங்க நெருங்க அளவுமானியின் எண் ஏறும். ஓட்டையின் மேல் வந்ததும் சட்டென்று மாறி, கடந்து போனதும் எதிர்ப்பக்கம் போகும். அந்த இடத்தில் அடையாளம் போடுவார். 1985-லிருந்தே இந்த ஆய்வைக் கட்டணச் சேவையாகச் செய்யத் தொடங்கிவிட்டார்கள்.

என் மாணவன் செய்வது இன்னும் எளிய முறை. வெறும் ஷீட்டின் மேல் ஒரு சின்னத் தண்ணீர்த் தேக்கத்தைத் தள்ளிக்கொண்டே போவது. அந்தத் தண்ணீரில் ஒரு முனை, அடியில் உள்ள மண்ணில் மறுமுனை. ஓட்டை வழியே தண்ணீர் இறங்கி மண்ணைத் தொட்ட நொடியில் சுற்று முழுமையாகும், பெட்டி கூவும். நம் வகுப்பில் பல்பு எரிந்தது, அவனுக்குப் பெட்டி கூவுகிறது. இம்முறையில் 1 மில்லிமீட்டர் ஓட்டையைக்கூடப் பிடித்துவிடலாம்.

இந்த வரலாற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இனி வருவதுதான்.

ஷீட்டை விரித்து, ஒட்டி, சோதித்து முடித்த பிறகு, அதைப் பாதுகாக்கவும் நீர் வடியவும் அதன்மேல் ஜல்லியோ மணலோ பரப்புவார்கள். டிப்பர் லாரி வரும், புல்டோசர் ஓடும். ஆனால் சோதனைகள் எல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிடும். கையெழுத்தும் போட்டாகிவிடும்.

மின்சார முறையின் பெருமை என்னவென்றால், ஈரமுள்ள ஜல்லி அல்லது மண் மூடிய பிறகும் ஓட்டையைத் தேட முடியும். நுட்பம் கொஞ்சம் குறையும். இரண்டடி மண்ணுக்கு அடியில் சுமார் 6 மில்லிமீட்டர் ஓட்டையைப் பிடிப்பதே அளவுகோல். அப்படி மூடிய பிறகும் பார்க்கத் தொடங்கியபோதுதான் உண்மை வெளிவந்தது. ஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த நோஸ்கோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1996-ல், சுமார் 300 இடங்களில் கிடைத்த முடிவுகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். ஷீட் விரிக்கும்போது ஏற்பட்ட சேதம் சுமார் 24 சதவீதம். மேலே ஜல்லியும் மண்ணும் பரப்பும்போது ஏற்பட்டது சுமார் 73 சதவீதம்!

அதாவது நாலு ஓட்டையில் மூன்று, பாதுகாப்பு அடுக்கு போடும்போது விழுந்தவை. அவை சோதனை முடிந்த பிறகு வந்தவை, யார் கண்ணிலும் படாமல் உடனே மூடப்பட்டவை. லவ் கால்வாயில் களிமண் மூடியைச் சாக்கடை தோண்டியவர்கள் உடைத்ததைச் சொன்னேனே, அதே கதை.

இதில் கெட்ட எண்ணம் உள்ளவர் யாரும் இல்லை. வெல்டிங் செய்தவர் ஒழுங்காகச் செய்தார். மேற்பார்வையாளர் ஒழுங்காகப் பார்த்தார். ஜல்லி பரப்பியவருக்கு ஒரு கூர்மையான கல் சக்கரத்தின் அடியில் அகப்பட்டதே தெரியாது. தவறு வரிசையில் இருந்தது. கடைசிக் கை விலகிய பிறகு சோதிக்க வேண்டியதை, அதற்கு முன்பே சோதித்து முடித்துவிட்டார்கள்.

பாடம் நடத்தும்போது "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாரும் "புரிந்தது டீச்சர்" என்பீர்கள். ஒரு வாரம் கழித்து எழுதச் சொன்னால்தான் தெரியும். நானும் இதைக் கற்றுக்கொள்ளப் பல வருடம் ஆனது.

பிறகு முறைகள் பெருகின. 1990-களில், அடிப்பக்கம் மட்டும் மின்சாரம் கடத்தும்படி செய்த ஷீட் பயன்பாட்டுக்கு வந்தது. சாதாரண ஷீட் வெயிலைத் தாங்குவதற்காக 2 முதல் 3 சதவீதம் கார்பன் கரியைச் சேர்ப்பார்கள், அதனால்தான் அந்தக் கறுப்பு நிறம். அடியில் ஒரு மெல்லிய அடுக்கில் மட்டும் கரியை அதிகமாகச் சேர்த்தால் அது மின்கடத்தி ஆகிவிடும். மேலே உயர் மின்னழுத்தம் உள்ள தூரிகையைத் தடவிக்கொண்டு போனால், ஓட்டை உள்ள இடத்தில் பொறி பறக்கும். இதற்குத் தண்ணீரே வேண்டாம்.

ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பு, எந்த இடத்துக்கு எந்த முறை என்று தேர்ந்தெடுக்கும் வழிகாட்டியை 2002-ல் வெளியிட்டது. தண்ணீர்த் தேக்க முறைக்கும், மண் அல்லது நீர் மூடிய இடங்களுக்கான முறைக்கும் 2003-ல் தனித்தனி விதிகள் வந்தன. சாதாரண ஷீட்டிலேயே உயர் மின்னழுத்தப் பொறியால் தேடும் முறைக்கு 2014-ல் விதி வந்தது.

இது மந்திரக்கோல் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கீழே மண் காய்ந்திருந்தால் மின்சாரம் ஓடாது. ஷீட் சுருங்கி மேலே தூக்கிக்கொண்டு நின்றால், அங்கே இருக்கும் ஓட்டை மண்ணைத் தொடாது, தப்பிவிடலாம். மேலே பரப்பிய ஈரமண் குழியின் விளிம்பில் வெளி மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தால், மின்சாரம் ஓட்டையை விட்டுவிட்டு அந்தச் சுலப வழியில் போய்விடும். அதனால் விளிம்பில் சுற்றிலும் ஓர் இடைவெளி விட வேண்டும். உள்ளே நுழையும் இரும்புக் குழாய்களையும் கவனிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஒரு நல்ல வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஆய்வைத் தொடங்கும் முன், அளவு தெரிந்த ஓர் ஓட்டையைத் தாங்களே ஏற்படுத்துவார்கள், அல்லது அதற்கு ஈடான ஒரு செயற்கைக் கசிவை வைப்பார்கள். கருவி அதைக் கண்டுபிடித்தால்தான் வேலையைத் தொடங்கலாம். தெரிந்த ஓட்டையையே காட்டாத கருவி, தெரியாத ஓட்டையை எப்படிக் காட்டும்?

நம் நாட்டிலும் இதற்கு இடம் உண்டு. நகரக் குப்பைக்காக 2000-ல் மத்திய அரசு வெளியிட்ட விதிகளிலேயே, புதைகுழியின் அடியில் 90 சென்டிமீட்டர் களிமண்ணும், அதன்மேல் 1.5 மில்லிமீட்டர் பாலித்தீன் ஷீட்டும் வேண்டும் என்று இருக்கிறது. அந்தக் களிமண் நீரை நொடிக்கு ஒரு சென்டிமீட்டரில் கோடியில் ஒரு பங்குக்கு மேல் விடக்கூடாது. கணக்குப் போட்டால் வருடத்துக்குச் சுமார் 3 சென்டிமீட்டர். 2016-ல் வந்த விதிகளிலும் இதே அளவுகள்தான். தாளில் எல்லாம் சரியாக இருக்கிறது.

உங்களில் சிலர் பொறியாளர்கள். சிலர் நகராட்சியில் வேலை செய்கிறீர்கள். சிலர் வார்டு உறுப்பினர்கள்கூட ஆகியிருக்கிறீர்கள். உங்கள் ஊரில் குப்பைக் குழியோ கழிவுநீர்க் குட்டையோ அமைந்தால், "ஷீட் எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேட்பதோடு நிற்காதீர்கள். "ஜல்லி பரப்பிய பிறகு யாராவது சோதித்தார்களா?" என்றும் கேளுங்கள். ஒருமுறை குப்பை நிறைந்துவிட்டால், பிறகு அந்த ஷீட்டை யாரும் பார்க்கப் போவதில்லை. அருகில் உள்ள கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பவர்களுக்குத்தான் அது தெரியவரும், அதுவும் பல வருடம் கழித்து.

நேற்று அவனிடம் போனில் பேசினேன்.

"ஓட்டை கிடைச்சா என்னப்பா பண்ணுவீங்க?"

"சுத்தம் பண்ணி ஒட்டுப் போட்டு, அதே இடத்தை மறுபடியும் சோதிப்போம், டீச்சர்."

"நாள் முழுக்க நடந்தும் ஒண்ணுமே கிடைக்கலைன்னா சந்தோஷமா வீட்டுக்குப் போயிடுவீங்களா?"

"இல்ல டீச்சர். அப்போ மிஷின் சரியா வேலை செய்யுதான்னுதான் முதல்ல சந்தேகப்படுவோம். போட்டு வச்ச ஓட்டைகிட்டயே திரும்பிப் போய், கூவுதான்னு பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவோம்."

படிக்கும் காலத்தில் விடைத்தாளைத் திரும்பிப் பார்க்காமல் முதல் ஆளாகக் கொடுத்துவிட்டு ஓடியவன் அவன்!

எல்லாரும் நலமாக இருங்கள். படித்தவர்கள் ஒரு வரியாவது எழுதுங்கள். தவறு இருந்தால் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்